பரிமாறியவர் பெயர்

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, எப்போதும் நகைக்கடை விளம்பரம் தொங்குகிற இடத்தில், பொங்கலின் நாலாம் நாளான முக்கனுமாவுக்கு மறுநாள் காலை புதிதாக ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கியது. பதினொரு பேருடைய படங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி மல்லிகைச் சரம் அச்சடித்திருந்தார்கள். அடியில் தெலுங்கில் பெரிய எழுத்து: ‘சங்கராந்திக்குப் போனார்கள். இன்னும் திரும்பி வரவில்லை.’

ஏழாவது படத்தில் இருந்தவர் செங்கல்வராயன். அதைப் பார்த்தபோது அவர் கையில் டீ இருந்தது. டீக்கடைக்காரர் படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“கூடப் பொறந்தவரா சார்?”

“நான்தாம்பா அது.”

கடைக்காரர் நம்பியதாகத் தெரியவில்லை. துக்கத்தில் இருக்கிறவரிடம் வாங்கக் கூடாதென்று டீக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார்.

செங்கல்வராயனுக்கு நாற்பத்தாறு வயது. மாம்பழக்கூழ் ஃபாக்டரி ஒன்றில் லேப் அசிஸ்டெண்ட். ஒரு சொட்டுக் கூழைக் கருவியில் விட்டு இனிப்பு எத்தனை என்று படிப்பதும், ஒரு ஸ்பூன் வாயில் போட்டு ருசி பார்த்துத் துப்புவதும் இருபது வருஷமாக அவர் வேலை. சொந்த ஊர் நகரிப் பக்கம். அவர் நைனா என்று கூப்பிட்ட அப்பா நாற்பத்தொன்பதாவது வயதில், கழனியில் மோட்டார் போடப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. ஆகவே ஐப்பசியில் டாக்டர், “சுகர் பார்டர்ல இருக்குது” என்று சொன்ன அன்றைக்கே செங்கல்வராயன் போய்ப் புனர்தேகா உடல் மேம்பாட்டு நிலையத்தில் சேர்ந்துவிட்டார். பதினான்கு பக்கப் படிவம். பதினான்கிலும் கையெழுத்துப் போட்டார். ஒன்றையும் படிக்கவில்லை. அந்த ஊரில் அதை யாரும் படித்ததில்லை.

இரண்டு மாதத்தில் இரண்டு கிலோ முந்நூறு கிராம் குறைந்தார். பிறகு பொங்கல் வந்தது.

பொங்கலுக்கு மனைவி சுந்தரி சத்தியவேட்டுக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். செங்கல்வராயன் கார்வேட்டிநகரம் தாண்டி இருக்கிற அக்கா வீட்டுக்குப் போவார். அம்மா செத்தபோது அவருக்கு ஆறு வயது. அக்கா ஸ்வர்ணலதாவுக்குப் பதினாலு. அன்றிலிருந்து அவருக்குச் சோறு போட்டு வளர்த்தது அக்காதான். மாமா காலமாகி, மகன் பெங்களூருக்குப் போய்விட்ட பிறகும், வருஷத்தில் இந்த நான்கு நாள் அந்த வீட்டு அடுப்பு தம்பிக்கென்றே எரியும்.

ஃப்ளெக்ஸின் மூலையில் புனர்தேகாவின் பெயர் இருந்தது. பார்த்த கையோடு அவர் நிலையத்துக்குப் போனார். வாசல் இயந்திரத்தில் கட்டை விரலை வைத்தார். வழக்கமாகப் பச்சை விளக்கு எரியும். இன்று சிவப்பு எரிந்தது. “இந்த விரலை நாங்கள் அறியோம். மீள்வருகைப் பிரிவை அணுகவும்” என்று ஒரு பெண்குரல் பணிவாகச் சொன்னது.

மீள்வருகைப் பிரிவு என்பது ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு எடை மெஷின், கண் துடைக்கிற காகிதம் ஒரு டப்பா. மேஜைக்குப் பின்னால் யாமினி என்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். சாவு வீட்டில் உள்ளறையில் பேசுகிற மாதிரி பேசினாள்.

“எத்தினி நாள் சார்?”

“நாலு நாள்மா. பண்டிகைதானே, அதான்...”

“பண்டிகைன்னு சொல்ல வேணாம் சார். எங்க ஃபாரத்துல ‘வெளித்தொடர்புக் காலம்’னு இருக்கும். என்னென்ன துன்னீங்கன்னு வரிசையா சொல்லுங்க.”

“அதிரசம் துன்னேன்.”

“எத்தினி?”

“யாரும்மா எண்ணிக்கினு இருந்தாங்க?”

“பரவால்ல சார். எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்வாங்க. ஞாபகம் வர்ற வரைக்கும் உக்காரலாம். எனக்கு வேற வேலை இல்லை.”

முக்கால் மணி நேரத்தில் ஞாபகம் வந்தது. அதிரசம் பதினாலு. போளி ஒன்பது. மாட்டுப்பொங்கலான கனுமா அன்று நாட்டுக்கோழி.

“கொழம்பா, வறுவலா?”

“ரெண்டும்.”

யாமினி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு படிவத்தின் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தாள். ‘பரிமாறியவர் பெயர்.’

“இது எதுக்கும்மா?”

“ஃபார்மாலிட்டி சார். கை தானா நீண்டிருக்காது இல்ல? யாரோ போட்டிருக்காங்க. ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ன்னு சொன்னாங்களா?”

“சொன்னாங்க. சொல்றதுதானே.”

“எத்தினி வாட்டி சொன்னாங்க?”

செங்கல்வராயன் பேனாவை எடுத்தார். எழுதாவிட்டால் வெளியே நாளையும் மறுநாளும் அந்த ஃப்ளெக்ஸ் தொங்கும். ஃபாக்டரி மேனேஜர் அந்த வழியாகத்தான் காரில் வருவார். மேனேஜரும் புனர்தேகாவில் மெம்பர். எழுதினார்: ஸ்வர்ணலதா. உறவு, அக்கா. ஊர். தெரு. போன் நம்பர். பேனா தடையில்லாமல் ஓடியது.

வெளியே வந்து விரலை வைத்தார். பச்சை எரிந்தது. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் பின்னால் நினைத்து நினைத்து அவர் வெட்கப்பட்ட விஷயம்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குத் திரும்பி வந்தவர்களின் கூட்டம் நடந்தது. ஓட்ட மெஷின்களை எல்லாம் நிறுத்திவிட்டு, அறுபது பேரைத் தரையில் வட்டமாக உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து, என்ன தின்றோம், யார் போட்டார்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் எல்லோரும் கை தட்டுவார்கள். ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர், மருமகன் வீட்டில் தின்ற தலைக்கறியைப் பற்றிச் சொல்லி விம்மினார். நிலம் சர்வே பண்ணுகிற ஒருவர் தன் அம்மாவின் பெயரை ஊர், மண்டலம், பின்கோடோடு சொன்னார்.

கமலம்மா என்கிற அறுபது வயது அம்மாள் மட்டும் எழுந்து, “நான் ஒண்ணும் துன்னலம்மா. வயிறு செரியில்ல. கஞ்சிதான் குடிச்சேன்” என்றாள்.

யாமினி ஒன்றும் சொல்லவில்லை. யாருமே ஒன்றும் சொல்லவில்லை. ஏ.சி. ஓடுகிற சத்தம் கேட்டது. கமலம்மா உட்காரப் போனாள். “நில்லுங்கம்மா” என்றாள் யாமினி, அன்பாக. ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷம் போயிற்று. ஆபீசுக்குப் போக வேண்டியவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், பிறகு கமலம்மாவைப் பார்த்தார்கள்.

“ஒரு போளி” என்றாள் கமலம்மா.

அறுபது பேரும் கை தட்டினார்கள்.

“ஒண்ணுதானா?” என்றாள் யாமினி.

“மூணு.”

“போட்டது யாரும்மா?”

கமலம்மா வட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். அவள் தின்னாத போளிக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. கடைசியில் தன் மருமகள் பெயரைச் சொன்னாள். மறுபடியும் கை தட்டினார்கள். தன் கை மற்றவர்கள் கையைவிடப் பலமாகத் தட்டுவதைச் செங்கல்வராயன் கேட்டார்.

அதற்கடுத்த வாரம் வீட்டுக்கு பரணி வந்தான். பரணி என்பவன் நிலையத்தின் பயிற்சியாளர்களில் ஒருவன். இருபத்தாறு வயது, கதவை அடைக்கிற தோள். அவன் சமையலறையில் நின்றபோது அங்கே வேறு எதற்கும் இடமில்லை. வெல்லத்தையும் நெய்யையும் அரிசி டின்னையும் ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் ஒட்டி மூடினான். சுந்தரிக்கு ஒரு அடையாள அட்டை கொடுத்தான். அதில் ‘இல்லச் சாட்சி’ என்று போட்டிருந்தது. மூன்று வேளையும் கணவரின் தட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

சுந்தரி முதல்நாள் சிரித்தாள். “எங்கூட்டுத் தட்டை எவன் பாக்கப் போறான்?” என்றாள். இரண்டாம் நாள் ஒரு படத்துக்கு அங்கிருந்து மூன்று நட்சத்திரம் வந்தது. மூன்றாம் நாள் அவள் வெளிச்சம் நன்றாக விழுகிற இடத்தில் தட்டை வைத்தாள். ஒரு வாரத்தில், செங்கல்வராயன் வெங்காயத் தோலைத் தவறுதலாக வாயில் போட்டால்கூட, “துப்புங்க, அது ஃபோட்டோல இல்லை” என்று சொல்கிற நிலைக்கு வந்துவிட்டாள். அவளிடம் கோபம் இல்லை. நிம்மதிதான் இருந்தது. “உங்க நைனா மாதிரி ஆயிடக்கூடாது இல்ல?” என்றாள்.

அதே வாரம் ஃபாக்டரிக்கும் ஒரு கடிதம் போயிற்று. உறுப்பினருக்குத் ‘தொழில்முறை இனிப்புத் தொடர்பு’ இருப்பதாக அதில் கண்டிருந்தது. மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, ஸ்பூனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, டின்களுக்கு லேபிள் ஒட்டுகிற பிரிவுக்கு மாற்றினார். “நான் என்ன பண்றது செங்கல்வராயன், என் ஃபைலும் அங்கதானே இருக்குது” என்றார், கதவைச் சாத்திவிட்டு.

அன்றைக்கு அவருக்குப் பொறுக்கவில்லை. நேரே யாமினியிடம் போனார்.

“நான் நின்னுக்கறேன்மா. வேணாம் எனக்கு.”

“நிக்கலாமே சார். உங்க எடை எங்க இலக்குக்கு வந்ததும் நிக்கலாம்.”

“வந்ததும் நிறுத்திடுவீங்களா?”

“வந்ததும் காவல் உறுப்பினர் ஆயிடுவீங்க. வந்த எடை போயிடாம பாத்துக்கணும் இல்ல? அது ஆயுசுக்கும்.” அவள் டப்பாவிலிருந்து ஒரு காகிதம் எடுத்து நீட்டினாள். “நடுவுல போகணும்னா டைரக்டர் சார் கையெழுத்து வேணும். திருப்பதி போகணும்.”

செங்கல்வராயன் மறுநாள் விடிந்ததும் திருப்பதிக்கு பஸ் ஏறினார்.

தலைமை அலுவலகம் ஐந்து மாடிக் கட்டடம். திருமலையிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தவர்கள் சிலர் மொட்டைத் தலையோடு வரிசையில் நின்றார்கள். அவர்களுடைய லட்டுப் பைகளைக் காவலாளி வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தான். திரும்பக் கொடுக்கிற கவுண்டர் எது என்று ஒருவர் கேட்டார். அப்படி ஒன்று இல்லை என்றான் காவலாளி. கேட்டவர் டோக்கனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பையில் வைத்தார்.

டைரக்டர் நாராயணசாமி ஒல்லியாக, சாதாரணமாக, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார். மேஜைமேல் ஒரு ஃபைல் ஏற்கெனவே விரித்திருந்தது.

“உக்காருங்க செங்கல்வராயன் காரு. லேபிள் வேலை பழகிடுச்சா?”

“சார், எனக்கு இது வேணாம் சார். ஒடம்பு எளைக்கத்தான் சேர்ந்தேன். நான் பாட்டுக்கு வீட்ல நடந்துக்கறேன்.”

“எளைக்கறது பெரிய விஷயமா? ஜுரம் வந்தாகூட எளைக்கலாம். அதுக்கு அஞ்சு மாடி எதுக்கு?” நாராயணசாமி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “உங்களைப் பாத்தா நல்ல மனுஷனா தெரியுது, அதனால சொல்றேன். மொத வருஷம் நாங்க ஒண்ணும் தெரியாம எல்லாரையும் நெஜமாவே எளைக்க வெச்சிட்டோம். எளைச்சவன், எளைச்சிட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டான். ஹால் காலி. அப்புறந்தான் புத்தி வந்தது. ஒடம்பை மாத்தினா அவன் போயிடுவான். பயத்தை உள்ள வெச்சிட்டா எங்கியும் போமாட்டான். வீட்ல உக்காந்துக்கினே நம்ம மெம்பரா இருப்பான். எங்களுக்கு விரோதி பண்டிகைன்னு நெனைக்கறீங்க இல்ல? தப்பு. விநாயக சவிதி, தசரா, தீபாவளி, சங்கராந்தி, இதெல்லாம் எங்க ஆளுங்க. அவங்க அனுப்பி வெக்கறாங்க, நாங்க வாங்கிக்கறோம்.”

இதையெல்லாம் அவர், தன் வயலில் எங்கே கிணறு வெட்டினால் தண்ணீர் வரும் என்று சொல்கிற விவசாயியைப் போல, பெருமையும் இல்லாமல் வெட்கமும் இல்லாமல் சொன்னார்.

“எனக்கு வெளிய போவணும் சார்.”

“போங்களேன். உங்க கையெழுத்து எப்பவோ ரெடி. மாற்று உறுப்பினர் வந்தாச்சு.”

“மாற்றுன்னா?”

“ஒருத்தர் போனா அந்தக் குடும்பத்துலயே ஒருத்தர் வரணும். பதினோராம் பக்கத்துல இருக்குதே, படிக்கலையா?” ஃபைலை அவர் பக்கம் திருப்பினார். “பரிமாறியவரே வந்துட்டாங்க. சைன் பண்ணி பத்து நாள் ஆச்சு.”

கோணல்மாணலான தெலுங்கு எழுத்து. அக்கா அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் படித்தது தெலுங்கில்தான். முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு மீதிக்கு இடம் போதாமல் கட்டத்துக்கு வெளியே கொண்டுபோயிருந்தாள்.

“எங்க அக்காவா? அது எதுக்கு சார் போட்டது? யாரு கேட்டாங்க அதை?”

“யாரும் கட்டாயப்படுத்தலை. பரணி போனான். உங்க நைனா எத்தினி வயசுல போனார்னு சொன்னான். உங்க வயசு சொன்னான். கழிச்சா மூணு. அவ்ளோதான் சொன்னான். ‘நான் போட்ட சோத்தாலயா?’ன்னு அந்தம்மா கேட்டாங்களாம். எங்க பசங்க ஆமான்னும் சொல்லமாட்டாங்க, இல்லைன்னும் சொல்லமாட்டாங்க. ட்ரெயினிங் அப்படி.” முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். “கங்கிராஜுலேஷன்ஸ். உங்களுக்கு விடுதலை.”

செங்கல்வராயன் எழுந்திருக்கவில்லை. காவலாளி வந்து தோளைத் தொட்டுப் பின்வாசல் வழியாக அழைத்துப்போய் விட்டான்.

புத்தூரில் பஸ் மாறினார். கார்வேட்டிநகரத்தில் இன்னொன்று. இறங்கி அக்காவின் தெருவுக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. முதல் வீட்டுக் கதவில் ஆரஞ்சு ஸ்டிக்கர் இருந்தது. நாலாவது வீட்டில் ஒன்று. அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒன்று. சோறு வடிக்கிற நேரம். எந்த வீட்டிலிருந்தும் வாசனை வரவில்லை.

அக்கா கூடத்தில் உட்கார்ந்து ஒரு சின்ன மின்தராசில் வேகவைத்த சுரைக்காயை நிறுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரத்தில் கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது.

“வா செங்கலு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக, ‘துன்னியா?’ என்று கேட்கவில்லை.

“ஏன்க்கா கையெழுத்து போட்டே?”

“உனுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுடா. நான்தானே போட்டுப் போட்டு உன்னை இப்படி ஆக்கிட்டேன்.”

“நீயா ஆக்கினே? நீ போடலேன்னா அப்பவே செத்திருப்பேன். உன் பேரைக் குடுத்தது நாந்தான்க்கா. என் கையாலயே எழுதினேன்.”

“எழுதினா எழுதினே. பொய்யா எழுதினே?” அக்கா தராசில் இருந்து ஒரு துண்டை எடுத்துத் தனியே வைத்தாள். எண் சரியாக வந்தது. “அதெல்லாம் செஞ்சிடறேன்டா. ஒண்ணுதான் முடியலை. நான் துன்றதை யாரு போட்டாங்கன்னு தெனம் போன்ல கேக்கறாங்க. யாரும் இல்லைன்னா நம்ப மாட்டேன்றாங்க. பொய் சொல்றேனாம். எனுக்கு எப்போடா யாரு போட்டாங்க? யாரு பேரைச் சொல்றது?”

செங்கல்வராயன் யோசித்துப் பார்த்தார். அம்மா போன பிறகு அக்கா உட்கார்ந்து யாரும் பரிமாறி அவர் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றுகூட அவள்தான் பந்தியில் குழம்பு வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் எழுந்து சமையலறைக்குள் போனார். அடுப்பின்மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் கிழித்தார். அது ஒரே இழுப்பில் வரவில்லை. நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. கேழ்வரகு மாவு இருந்தது. டப்பாவில் சூளூர்பேட்டையிலிருந்து வாங்கிவந்த கருவாடு இருந்தது. வாழ்க்கையில் அவர் சமைத்ததில்லை. அக்கா வாசலில் நின்று, “வேணாம்டா, வேணாம்டா” என்று சொல்லிக்கொண்டிருந்தவள், “புளி கம்மியா கரை” என்றாள். அப்புறம், “கத்திரிக்காயை இப்போ போடு” என்றாள்.

களி கட்டி தட்டிப் போயிற்று. குழம்பு தளதளவென்று கொதித்து, வாசனை கூடத்தைத் தாண்டி, தெருவைத் தாண்டிப் போயிற்று.

“உக்காருக்கா.”

அக்காவுக்கு உட்காரத் தெரியவில்லை. தண்ணீர் எடுத்துவர எழுந்தாள். உப்பு எடுத்துவர எழுந்தாள். மூன்றாம் தடவை அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். களி உருண்டையை வைத்து, குழி பண்ணி, குழம்பை ஊற்றினார். அவள் ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டு வெகு நேரம் மெல்லாமல் இருந்தாள்.

“உப்பு தூக்கலா இருக்குது” என்றாள். பிறகு குனிந்து வேகமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

“இன்னும் கொஞ்சம் போட்டுக்கோக்கா.”

வாசலில் பைக் நின்றது. பரணி உள்ளே வரவில்லை. நிலைப்படியில் நின்றான். கிழிந்த ஸ்டிக்கரைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். கையில் போன் இருந்தது. செங்கல்வராயன் கரண்டியோடு எழுந்து அவனுக்கும் அக்காவுக்கும் நடுவில் நின்றார். 

“எம்பேரை எழுதிக்கோப்பா. போட்டவன் நான். செங்கல்வராயன். என் நம்பர் உங்ககிட்டயே இருக்குது.”

பரணி எழுதினான். அக்கா எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தம்பியின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“வெயில்ல வந்திருக்கியேப்பா. துன்னியா நீ?”

பரணியின் கட்டை விரல் நின்றது. பிறகு அதையும் எழுதினான். தூண்டுதல், மணி ஒன்று பத்து. எழுதி முடிக்கிறவரை அவன் எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்டது. போனைப் பார்த்தபடியே, மெதுவாகக் கேட்டான்:

“என்ன கொழம்பும்மா அது?”

படிவத்துக்காகக் கேட்கிறானா, வயிற்றுக்காகக் கேட்கிறானா என்று செங்கல்வராயனுக்குத் தெரியவில்லை. அக்காவுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. இன்னொரு தட்டை எடுத்துக் கழுவப் போனாள்.

பரணி செருப்பைக் கழற்றினான். ஒரு காலைப் படிக்கு உள்ளே வைத்தான்.

எதிர்வீட்டு ஜன்னல் நாலு விரல் திறந்தது. உள்ளேயிருந்து ஒரு கை போனை உயர்த்தி, அவசரமில்லாமல், பரணியின் முதுகுக்கு நேரே பிடித்தது.